தெற்குக் கரையில் நின்றவர்கள்

1

எங்கள் ஊர்க் கோயிலில் தை மாதம் தெப்பம். குளத்தில் பீப்பாய்களை மிதக்கவிட்டு, மூங்கில் வரிந்து, பலகை அடித்து, தெப்பம் ஒரு பக்கம் சாயாமல் நிற்கிறதா என்று மார்பளவுத் தண்ணீரில் நின்று பார்த்துத் தருகிறவர்கள் எங்கள் சேரி ஆட்கள். எங்கப்பா பத்து நாளும் அந்தக் குளத்திலேயே கிடப்பார். வேலை முடிந்ததும் ஐயர் வந்து தீட்டுக் கழிப்பார். சாமி தெப்பத்தில் ஏறின பிறகு அப்பா குளத்துப் படியில் கால் வைக்கக் கூடாது. நாங்கள் எல்லோரும் தெற்குக் கரை மேட்டில் நின்று பார்க்க வேண்டும். சின்ன வயசில் நான் கேட்டேன், "ஏம்ப்பா, நீ கட்டுன தெப்பத்துல நீ ஏற மாட்டியா?" அப்பா சொன்னார், "கட்டுறவன் வேற, ஏறுறவன் வேறடா."

அந்தப் பதில் பல வருசம் கழித்து லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில் எனக்கு மறுபடி ஞாபகம் வந்தது.

2024 மார்ச் 30, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. எங்கள் சேரியிலிருந்து போய் அங்கே படித்துக்கொண்டு, சாயங்காலத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். "வாங்கண்ணே, ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் படகுப் போட்டி. டிக்கெட் கெடையாது. இந்த ஊர்ல காசில்லாம பாக்குற வேடிக்க இது மாதிரி ஒண்ணு ரெண்டுதான்."

பட்னி என்பது அந்த இடத்தின் பெயர். தேம்ஸின் தெற்குக் கரை. அங்கிருந்து ஆற்றின் மேல்போக்கில் மார்ட்லேக் வரைக்கும் 6.8 கிலோமீட்டர். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே ஏறி வரும் நேரம் பார்த்துப் போட்டியை வைக்கிறார்கள். ஒரு படகில் துடுப்பு வலிக்க எட்டுப் பேர், சுக்கான் பிடிக்க ஒருவர். ஆக்ஸ்போர்டுக்குக் கருநீலம், கேம்பிரிட்ஜுக்கு வெளிர்நீலம். இரண்டு படகுக்கும் சேர்த்து ஆற்றில் பதினெட்டுப் பேர். கரையில் லட்சக்கணக்கில் சனம்.

ரெண்டு மணி நேரம் நின்றோம். கையில் பீர் குவளை, தோளில் பிள்ளை என்று ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் போட்டி முதலில், ஆண்கள் போட்டி ஒரு மணி நேரம் கழித்து. கொடி இறங்கியது. ரெண்டு படகும் கத்தி மாதிரி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. பின்னாலேயே நடுவரின் விசைப்படகும் மற்றப் படகுகளும் போயின. கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஆற்று வளைவில் மறைந்துவிட்டன. அலை மட்டும் வந்து காலடியில் அடித்தது. மீதியைச் செல்போனில்தான் பார்த்தோம். இரண்டு போட்டியிலும் கேம்பிரிட்ஜ் ஜெயித்தது. நாங்கள் பார்த்தது இவ்வளவுதான்.

ஆனால் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கட்டட வேலை செய்கிறவர்களின் பூட்ஸ் போட்டிருந்த ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "இவுரு அங்க படிச்சிருப்பாரா?" என்று கேட்டேன். தம்பி சிரித்தான். "படிச்சவங்கதான் கத்தணும்னா இங்க இவ்வளவு சத்தமே இருக்காதுண்ணே."

யாருடைய ஆறு, யாருடைய படகு, யாருடைய துடுப்பு? பார்க்கிறவனாக மட்டும் நிற்கிறவன் எப்படி அந்த இடத்துக்கு வந்தான்? இந்தக் கேள்விகளோடு அந்தப் போட்டியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை நம்ம தோழர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் அந்த ஆறு யாருடையது என்று பார்ப்போம்.

தேம்ஸ் நதி பிரபுக்களின் விளையாட்டு மைதானமாக இருக்கவில்லை. அது ஓடக்காரர்களின் பிழைப்பு. லண்டன் நகரத்தில் பாலங்கள் அரிதாக இருந்த காலத்தில் அக்கரைக்குப் போக ஓடம்தான். சனங்களை ஏற்றுகிறவர்கள், சரக்கை ஏற்றுகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் துடுப்பை நம்பி வாழ்ந்தன. அவர்கள் வாங்கும் கூலியை முறைப்படுத்த 1514ல் பாராளுமன்றம் சட்டம் போட்டது. 1555ல் இன்னொரு சட்டம் போட்டு அவர்களை ஒரு சங்கத்தின் கீழ் கொண்டுவந்தது. ஒரு பையன் ஓடக்காரனாக வேண்டுமென்றால் எஜமானனிடம் வருசக்கணக்கில் கைப்பயிற்சி இருக்க வேண்டும். பின்னால் அது ஏழு வருசம் என்றானது. ஏற்றம், வத்தம், சுழல், பாலத்தடி இழுப்பு எல்லாம் அவன் உடம்பில் ஏற வேண்டும். யுத்தம் வந்தால் கடற்படைக்குப் பலவந்தமாக ஆள் பிடித்துக்கொண்டு போவார்கள். அதில் முதலில் மாட்டுகிறவன் ஓடக்காரன். அவனுக்குத்தான் தண்ணீர் தெரியும்.

துடுப்புப் பந்தயம் என்ற சங்கதியும் அவர்களுடையதே. தாமஸ் டாகெட் என்று ஒரு நாடக நடிகர், கோமாளி வேசம் கட்டுகிறவர். முதலாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்ததைக் கொண்டாட 1715ல் ஒரு பந்தயம் வைத்தார். கைப்பயிற்சி முடித்த இளம் ஓடக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பந்தயம். லண்டன் பாலத்திலிருந்து செல்சி வரைக்கும் வலிக்க வேண்டும். பரிசு ஒரு கோட்டு, கையில் கட்டிக்கொள்ள ஒரு பெரிய வெள்ளி வில்லை. அந்தப் பந்தயம் இன்றைக்கும் நடக்கிறது. பல்கலைக்கழகப் போட்டியைவிட 114 வருசம் மூத்தது. ஆனால் உலகம் முழுக்கத் தெரிவது எது? தேம்ஸ் பந்தயம் என்றால் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்தான் நினைவுக்கு வரும். டாகெட் பந்தயத்தை எத்தனை பேருக்குத் தெரியும்? கூலிக்கு ஓடம் வலித்தவன் பந்தயம் ஊர்ச் சங்கதியாக நின்றுவிட்டது. படித்தவன் பந்தயம் பாரம்பரியமாகிவிட்டது.

பட்னியில் 1729ல் மரப்பாலம் வந்தது. 1750ல் வெஸ்ட்மினிஸ்டர் பாலம் திறந்தார்கள். ஓடக்காரர்கள் எதிர்த்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஒவ்வொரு பாலமாக வந்தது. பிறகு நீராவிப் படகு. துடுப்பின் பிழைப்பு ஒடுங்க ஒடுங்க, துடுப்பு கனவான்களின் பொழுதுபோக்காக வளர்ந்தது. கூலிக்குச் செய்தால் இழிவு, சும்மா செய்தால் மேன்மை. இந்தக் கணக்கு நமக்குப் புதுசு இல்லை.

பட்னியில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படகுகள் புறப்படும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, பாலத்தின் ஓரத்தில் செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. 1647ல், ராஜாவைத் தோற்கடித்த பாராளுமன்றப் படையின் சிப்பாய்களும் தளபதிகளும் அங்கே கூடி விவாதம் பண்ணினார்கள். சொத்தில்லாதவனுக்கும் ஓட்டு உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. மிக ஏழையான மனுசனுக்கும் ஆளுகையில் சம்மதம் சொல்லும் உரிமை உண்டு என்று வாதாடினார் கர்னல் ரெயின்ஸ்பரோ. நிலபுலம் உள்ளவனுக்குத்தான் நாட்டில் நிலையான பங்கு என்று மறுத்தார் அயர்ட்டன். அன்றைக்கு அயர்ட்டன் கட்சிதான் ஜெயித்தது. பந்தயம் பார்க்க வருகிற கூட்டம் அந்தச் சர்ச் ஓரமாகத்தான் நடந்து போகிறது. நாங்களும் அப்படித்தான் போனோம். விசயம் தெரியாமலே போனோம்.

3

1829 ஜூன் 10. ஹாரோ என்ற பணக்காரப் பள்ளியில் ஒன்றாகப் படித்த இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் சார்லஸ் மெரிவேல், கேம்பிரிட்ஜுக்குப் போனவர். இன்னொருவர் சார்லஸ் வேர்ட்ஸ்வொர்த், ஆக்ஸ்போர்டுக்குப் போனவர், கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்குத் தம்பி மகன். இவர்கள் ஏற்பாட்டில் ஹென்லியில் முதல் போட்டி நடந்தது. ஆக்ஸ்போர்டு ஜெயித்தது. இரண்டாவது போட்டி 1836ல் லண்டனில். 1845ல் பட்னி–மார்ட்லேக் பாதைக்கு வந்தது. 1856 முதல், யுத்த காலம் போக, வருசா வருசம் நடந்தது. 2020ல் கொரோனாவால் நின்றது.

அந்தக் காலத்து ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் யாருக்குத் திறந்திருந்தன? ஆங்கிலத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடாதவன் 1854 வரைக்கும் ஆக்ஸ்போர்டில் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் வாங்க முடியாது. இந்த மதச் சோதனை பெரும்பாலும் ஒழிந்தது 1871 சட்டத்தோடு. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆக்ஸ்போர்டுக்கு 1920 ஆனது, கேம்பிரிட்ஜுக்கு 1948 ஆனது. எனவே பல்கலைக்கழகப் படகில் கூலிக்காரன் ஏறக் கூடாது என்று தனியாக விதி எழுத வேண்டிய அவசியமே இல்லை. காலேஜ் வாசலே விதி.

ஆனால் அந்தக் கனவான் பிள்ளைகளுக்குத் துடுப்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார்? ஓடக்காரர்கள். ஆரம்ப காலத்தில் அணிகளைப் பழக்கியது, சுக்கான் பிடித்து நெளிவுசுளிவு சொல்லிக்கொடுத்தது, படகு கட்டிக் கொடுத்தது எல்லாம் அவர்கள். பிறகு 1840களில் தகராறு கிளம்பியது. கூலிக்குத் துடுப்பு வலிக்கிறவனிடம் ஒரு கனவான் பாடம் கேட்பதா? அவன் பந்தயத்தில் தந்திரம் பண்ணுகிறவன், அவன் பாணி முரட்டுப் பாணி என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களை ஓரம் கட்டினார்கள். வித்தையை வாங்கிக்கொண்டு வாத்தியாரை வெளியே அனுப்பினார்கள்.

1877 மார்ச் 24ல் நடந்த கதையைக் கேளுங்கள். எல்லைக்கோட்டில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்தவர் ஜான் ஃபெல்ப்ஸ், ஒரு ஓடக்காரர். 'நாணயமான ஜான்' என்பது அவருக்குப் பட்டப்பெயர். முன்னால் போய்க்கொண்டிருந்த ஆக்ஸ்போர்டு படகில் ஒருவருடைய துடுப்பு பழுதானது. கேம்பிரிட்ஜ் நெருங்கி வந்தது. எல்லையில் அப்போது நட்டு வைத்த கம்பம் எதுவும் கிடையாது. அடையாளமில்லாத இடத்தில், தண்ணீர் மட்டத்தில் ஒரு சின்னப் படகில் இருந்த ஃபெல்ப்ஸ், இரண்டும் சமம் என்று தீர்ப்புச் சொன்னார். இத்தனை வருசத்தில் சமம் என்று முடிந்த ஒரே போட்டி அதுதான்.

அதற்கப்புறம் ஒரு கதை கட்டினார்கள். ஃபெல்ப்ஸ் குடித்துவிட்டுப் புதரடியில் தூங்கிக்கொண்டிருந்தார், கூச்சல் கேட்டு எழுந்து "ஆறடி வித்தியாசத்தில் ஆக்ஸ்போர்டுக்குச் சமம்" என்று உளறினார் என்று. நூறு வருசத்துக்கு மேல் இதையே சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். அடுத்த தடவை எல்லையில் கம்பம் நட்டார்கள். கம்பம் நடாமல் விட்டது போட்டி நடத்தின கனவான்களின் தப்பு. பழி ஓடக்காரன் தலையில். அவருடைய ஃபெல்ப்ஸ் குடும்பத்தில் டாகெட் கோட்டு வாங்கியவர்கள் பலர். துடுப்பையும் ஆற்றையும் தலைமுறையாக அறிந்த வம்சம். ஆனால் வரலாற்றில் அவர் பெயர் நின்றது குடிகாரன் என்று.

நம்ம சனங்களைப் பற்றியும் இப்படித்தானே கதை இருக்கிறது? வெட்டியான் தூங்கிவிட்டான், தோட்டி குடித்துவிட்டான், தலையாரி திருடிவிட்டான். ஆண்டை வீட்டில் எது தொலைந்தாலும் முதலில் கேட்கிற கேள்வி, "அவன் குடிச்சிருந்தானா?"

4

இவ்வளவும் வழக்கமாக நடந்தது. பிறகு அதை எழுதியே வைத்தார்கள்.

1878ல் பெரிய படகுச் சங்கங்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் அதே பட்னியில் கூடி, 'அமெச்சூர்' என்றால் யார் என்று இலக்கணம் வகுத்தார்கள். ஹென்லிப் போட்டியை நடத்துகிறவர்கள் 1879ல் அப்படிப்பட்ட விதியை ஏற்றார்கள். 1882ல் உருவான அமெச்சூர் படகுச் சங்கமும் அதே வழியில் போனது. பணத்துக்குப் பந்தயம் ஓடியவன் அமெச்சூர் இல்லை என்பது ஒரு மாதிரி நியாயம். ஆனால் அந்த விதி அதோடு நிற்கவில்லை. படகுத் தொழிலில் கூலிக்கு வேலை பார்த்தவன் கூடாது. படகோடு சம்பந்தமே இல்லாமல் இருந்தாலும் மெக்கானிக், கைத்தொழில் செய்கிறவன், கூலியாள் ஆகியோர் கூடாது. இப்போது இல்லை, முன்னொரு காலத்தில் செய்திருந்தாலும் கூடாது. படகுச் சங்கத்தின் விதியில் இழிவேலை செய்கிறவனும் கூடாது என்பதும் சேர்ந்தது.

இதை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். அவன் என்ன செய்தான் என்று கேட்கவில்லை, அவன் யார் என்று கேட்கிறார்கள். முன்னால் செய்த வேலையும் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். கழுவினாலும் போகாதாம். நம்ம பாஷையில் இதற்குப் பெயர் தீட்டு.

அவர்கள் ஒரு நியாயமும் சொன்னார்கள். உடலுழைப்பு செய்கிறவனுக்குத் தசை முறுக்கேறியிருக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் அவனோடு போட்டி போடுவது சமமாகாது என்றார்கள். ஆக, உழைக்கிறவன் தங்களைவிடப் பலசாலி என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காரணத்துக்காகவே அவனை வெளியே நிறுத்தினார்கள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1890ல் இன்னொரு சங்கம், தேசிய அமெச்சூர் படகுச் சங்கம், பிறந்தது. அங்கே உழைப்பாளிக்குத் தடை கிடையாது. அதற்குத் துணை நின்றவர்களில் முக்கியமானவர் ஃபிரடெரிக் ஃபர்னிவால். கேம்பிரிட்ஜில் படித்தவர், பழைய ஆங்கில நூல்களைப் பதிப்பித்த அறிஞர், லண்டன் உழைப்பாளர் கல்லூரியில் பாடம் நடத்தியவர். 1896ல் ஹேமர்ஸ்மித்தில் பெண்களுக்கென்று படகுக் குழு தொடங்கியவரும் அவரே. இன்றைக்குப் பல்கலைக்கழகப் போட்டியைப் பார்க்கக் கூட்டம் கூடுகிற ஹேமர்ஸ்மித் பூங்காவுக்கு அவர் பெயர்தான் இருக்கிறது.

விதி யார் யாரைத் தடுத்தது? 1920ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் ஹென்லியில் ஒற்றைப் படகுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். பிலடெல்பியாவில் செங்கல் அடுக்கும் கொத்தனார் வேலை பார்த்தவர். மறுத்துவிட்டார்கள். அவருடைய சங்கத்தின் மேல் ஏற்கெனவே ஒரு தடை இருந்தது, கூடவே அவர் கையால் வேலை செய்தவர் என்ற காரணமும் இருந்தது. அந்த வருசம் ஹென்லியில் ஜெயித்தவர் ஜாக் பெரஸ்ஃபோர்டு. அதே வருசம் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கெல்லி அதே பெரஸ்ஃபோர்டைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார். கொத்தனாரின் மகன் 1947லும் 1949லும் ஹென்லியில் அந்தக் கோப்பையை வாங்கினார். மகள் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி.

1936ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற ஆஸ்திரேலிய அணி வழியில் ஹென்லியில் ஓட விரும்பியது. அவர்கள் நியூ சவுத் வேல்ஸ் போலீஸ்காரர்கள். போலீஸ்காரனும் உடலுழைப்புக்காரன் என்று சொல்லி அவர்களையும் தள்ளிவிட்டார்கள். உலகம் சிரித்தது. 1937ல்தான் உழைப்பாளியைத் தடுக்கும் வாசகத்தை எடுத்தார்கள். இரண்டு சங்கமும் ஒன்றாகச் சேர 1956 ஆனது.

5

இதை எழுதும்போது எனக்குள்ளே ஒரு எச்சரிக்கை. அங்கேயும் சாதி இருக்கு பாரு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அது சரியில்லை.

1936ல் ஆஸ்திரேலியப் போலீஸ்காரர்களை ஹென்லி தள்ளிய அதே வருசம், லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பார்த்துப் பயந்து, கூட்டத்தையே ரத்து செய்தது. அந்த உரையை அவரே அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பிரித்து அடுக்குகிறது என்பது அதில் அவர் வைக்கும் வாதங்களில் ஒன்று. அம்பேத்கர் லண்டனில் படித்தவர். ஆக்ஸ்போர்டும் இல்லை, கேம்பிரிட்ஜும் இல்லை. லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் படித்தார். 1923ல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

வித்தியாசம் இதுதான். கொத்தனாரின் மகன் 27 வருசத்தில் அதே ஆற்றில் கோப்பை வாங்கினான். அவனைப் பார்த்து உங்கப்பன் செங்கல் அடுக்கினவன் என்று யாரும் தீட்டுக் கழிக்கவில்லை. அங்கே ஒரு கமிட்டி எழுதிய வாசகம், இன்னொரு கமிட்டி அடித்துவிட்டது. இங்கே எந்தக் கமிட்டியும் எழுதாதது. அதனால் எந்தக் கமிட்டியாலும் அடிக்க முடியவில்லை. 1950ல் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. எங்கள் தெப்பக்குளத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆனால் ஒரு விசயம் பொது. வித்தை உழைக்கிறவன் கையில் இருக்கிறது. மரியாதை அதை வேடிக்கையாகச் செய்கிறவனுக்குப் போகிறது. பல்வங்கர் பாலூவை நினைத்துக்கொள்ளுங்கள். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் தரை செப்பனிட்டு, வலை கட்டி, துரைகளுக்கு மணிக்கணக்கில் பந்து போட்டுப் பழக்கியவர். பந்து போடும் கை ஆகும், மட்டை பிடிக்கும் கை ஆகாது. இந்துக்கள் அணியில் சேர்த்தபோது, மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள், தேநீர் மட்டும் வெளியே மண் குவளையில். 1911ல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்தார். இந்துக்கள் அணிக்கு ஒரு நாளும் அவரைத் தலைவராக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923ல் அது கிடைத்தது. அண்ணனும் தம்பிகளும் சேர்ந்து சண்டை பிடித்து வாங்கியது அது.

6

'அதெல்லாம் பழைய கதை' என்று சொல்கிறவர்களுக்காகச் சில சம்பவங்கள்.

1927ல் பெண்களின் முதல் போட்டி ஆக்ஸ்போர்டில் நடந்தது. இரண்டு படகையும் பக்கத்தில் பக்கத்தில் விடவில்லை. தனித்தனியாக ஓடவிட்டு வேகத்துக்கும் 'அழகான பாணி'க்கும் மதிப்பெண் போட்டார்கள். எதிர்ப்புக் காட்டவும் கரையில் ஆள் கூடியது. ஆண்களோடு ஒரே நாளில் ஒரே பாதையில் ஓடுவதற்கு 2015 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

2012ல் டிரென்டன் ஓல்டுஃபீல்டு என்ற ஆஸ்திரேலியர் சிஸ்விக் அருகே ஆற்றில் குதித்துப் படகுகளுக்கு நடுவே நீந்தினார். மேட்டிமைத்தனத்துக்கு எதிரான போராட்டம் என்று சொன்னார். போட்டியை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அவருக்கு ஆறு மாதம் சிறைத் தண்டனை. 2013ல் நாட்டைவிட்டு வெளியேற்றவும் பார்த்தார்கள், மேல்முறையீட்டில் தப்பித்தார். துடுப்பு வலிக்கிற பிள்ளைகளின் தலையில் அடிபட்டிருக்கலாம் என்று கோபப்பட்டவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. எனக்கும் அவர் செய்தது சரி என்று முழுசாகத் தோன்றவில்லை. ஆனால் ஒரு விளையாட்டை நிறுத்தியதற்கு ஆறு மாதம் என்றால், எது புனிதம் என்று அந்த நாடு நினைக்கிறது என்பது தெரிகிறது.

நான் பார்த்த 2024 போட்டிக்கு வேறொரு சிறப்பு. ஆற்றில் சாக்கடை. ஹேமர்ஸ்மித் பாலத்தருகே தண்ணீரைச் சோதித்தபோது 100 மில்லி லிட்டரில் சராசரியாக 2,863 என்ற அளவில் ஈ.கோலை கிருமி. 1,000ஐத் தாண்டினாலே குளிக்க லாயக்கில்லை. ஜெயித்த அணி சுக்கான்காரரைத் தூக்கித் தண்ணீரில் போடுவது வழக்கம். அந்த வருசம் போடாதீர்கள் என்றார்கள். காயத்தை மூடுங்கள், கழுவிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டுதல் கொடுத்தார்கள். தோற்ற ஆக்ஸ்போர்டு அணியில் ஒருவர், எங்களில் சிலருக்கு வயிறு சரியில்லை, தண்ணீரில் இவ்வளவு மலம் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். உலகச் செய்தி ஆனது.

நான் அந்தப் பிள்ளைகளை ஏளனம் செய்யவில்லை. யார் உடம்பிலும் மலத்தண்ணி படக் கூடாது. ஆனால் நம்ம ஊரில் மலக்குழிக்குள் இறங்குகிறவனுக்கு யார் வழிகாட்டுதல் அச்சடித்துக் கொடுத்தார்கள்? 1993ல் ஒரு சட்டம், 2013ல் ஒரு சட்டம். இரண்டுக்குப் பிறகும் அவன் இறங்குகிறான், விஷவாயுவில் சாகிறான். அவன் எந்தச் சாதி என்று கேட்கத் தேவையில்லை.

2025ல் இன்னொரு சர்ச்சை. கேம்பிரிட்ஜில் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் படிப்பு படிக்கிறவர்கள் போட்டியில் துடுப்பு வலிக்கத் தகுதியில்லை என்று ஆனது. அது பட்டம் இல்லையாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவன் முழு மாணவன் இல்லையாம். யார் உள்ளே, யார் வெளியே என்று இலக்கணம் எழுதுகிற பழக்கம் 1878ஓடு போய்விடவில்லை.

7

இந்தத் துடுப்பு மதராஸுக்கும் வந்தது. 1867ல் வெள்ளைக்காரர்கள் மெட்ராஸ் போட் கிளப்பைத் தொடங்கினார்கள். அடையாற்றில் அவர்கள் படகு ஓடியது. 1898 முதல் கொழும்புக்காரர்களோடு பந்தயம் நடத்தினார்கள். வெள்ளைக்காரன் போனான், கிளப் இருக்கிறது. போட் கிளப் ரோடு இன்றைக்குச் சென்னையின் மிகப் பணக்காரத் தெருக்களில் ஒன்று. அங்கே ஆற்றோரம் வீடு இருப்பது அந்தஸ்து.

அதே அடையாற்றின் கரையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு ஆற்றோரம் இருப்பது குற்றம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை அள்ளிக்கொண்டுபோய் நகரத்துக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் போட்டார்கள். உங்கள் பாதுகாப்புக்காக என்றார்கள். ஆறு ஒன்றுதான். ஒருவனுக்கு அது காட்சி, இன்னொருவனுக்கு அது ஆக்கிரமிப்பு. லண்டன் ஓடக்காரன் ஆற்றை இழந்தாலும் கரையில் நின்று கத்த இடம் இருக்கிறது. நம்ம சனத்துக்குக் கரையே இல்லை.

அன்றைக்குப் பட்னியில் கூட்டம் கலைந்த பிறகு கொஞ்ச நேரம் நின்றோம். குப்பை அள்ளுகிறவர்கள் வந்தார்கள். காலிக் குவளைகளை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "போலாண்ணே, பாத்திரம் குவிஞ்சிருக்கும்" என்றான். போகும்போது கேட்டான், "உங்களுக்கு எந்த டீமு புடிச்சிருந்திச்சி?"

எனக்கு அப்பா ஞாபகம்தான். மார்பளவுத் தண்ணியில் நின்று, ரெண்டு கையாலும் தெப்பத்தை ஆட்டிப் பார்த்து, சாயவில்லை என்று தெரிந்ததும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தத் தெப்பம் மிதக்கிறது என்று ஊருக்கு முன்னால் அறிந்தவர் அவர். போன தை மாசம் எங்கள் சேரிப் பிள்ளைகள், நாங்க கட்டின தெப்பத்துல நாங்களும் ஏறுவோம், இல்லேன்னா கட்ட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊர்க்கூட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை. பீப்பாய்கள் கரையில் கிடக்கின்றன.